பாண்டி சாஃப்ட்வேர்

"இதுக்கு ஓனர் யாரு பாண்டி?" என்று கேட்டார் ஜனகராஜ் சார்.

"யாரும் இல்ல சார்."

"யாரும் இல்லாம ஒரு பொருள் எப்படிப்பா இருக்கும்?"

"பல நாட்டுல பல பேரு சேர்ந்து எழுதுறாங்க. யாரு வேணாலும் எடுத்துக்கிடலாம், மாத்திக்கிடலாம். காசு கெடையாது. ஓப்பன் சோர்ஸ்னு பேரு."

"சரி. திடீர்னு நின்னுபோச்சுன்னா யாரைப் பிடிக்கிறது?"

"என்னையப் பிடிங்க."

"அப்பறம் என்ன, ஓனர் நீதான்" என்று சொல்லிவிட்டு அவர் டீயை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த டுடோரியலில் அதற்குப் பெயர் பாண்டி சாஃப்ட்வேர். அதில் நான் எழுதியது ஒரு வரிகூட இல்லை. இறக்கினேன், வாடகை சர்வரில் ஏற்றினேன், மேலே டுடோரியலின் பெயரைப் போட்டேன். அவ்வளவுதான் என் பங்கு. சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

இது 2008இல் நடந்தது. ஜனகராஜ் சார் மதுரை தல்லாகுளத்தில் ஒரு மாடியில் இருபது வருடமாகக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்தார். பிளஸ் டூவில் தவறியவர்கள், தபாலில் பி.காம். படிப்பவர்கள், ஒரே பேப்பரை நான்காவது முறை எழுதுகிறவர்கள் எல்லாரும் அவரிடம் வருவார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். வகுப்பு முடிந்து வீடு சேர இருட்டிவிடுகிறது என்று பெண்பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். பையன்கள் வேலைக்குப் போனார்கள். அப்போதுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. பாடத்தை வெப்கேமராவில் எடுத்து இன்டர்நெட்டில் போடுவது. அந்தந்த ஊர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்க்கட்டும், அங்கேயே டெஸ்ட்டும் எழுதட்டும். அதற்குத்தான் ஒரு சாஃப்ட்வேர் தேவைப்பட்டது. அலங்காநல்லூரில் தொடங்கி ஐந்து ஊர், மொத்தம் நூற்றைம்பது பேர் என்று திட்டம்.

நான் இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவன். பதினான்கு அரியர் இருந்தது. அதற்குப் பிறகு நான்கு வருடமாக, அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கும் ஆபீசில் இரவு வேலை. ஒன்பது மணிக்குப் போய்க் காலை ஆறுக்கு வருவேன். கோரிப்பாளையத்தில் ஒரு அறை. பகலில் தூங்குகிறவனை வீட்டுக்காரர் நோயாளி என்றுதான் நினைத்தார். வாரம் ஒரு முறை என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்பார்.

ஜனகராஜ் சார் சொன்னது இதுதான். "நீ வச்சது தேறிச்சுன்னா நீயே சிஸ்டம் இன்சார்ஜ். காலைல ஒம்பதரைக்கு வா. சாயங்காலம் ஆறுக்குப் போ. ஏழாயிரம் தாரேன்."

இரவு வேலையில் வாங்குவதைவிட ஐந்நூறு குறைவு. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஓப்பன் சோர்ஸ் மீது எனக்குக் கொள்கைப் பற்று எதுவும் கிடையாது. பகலில் விழித்திருக்க வேண்டும், வெளிச்சத்தில் சாப்பிட வேண்டும். அந்த வேலை வேண்டும். அதற்கு அந்த சாஃப்ட்வேர் ஜெயிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். விலைக்கு இன்னொரு சாஃப்ட்வேரும் வந்திருந்தது. இரண்டில் எது நல்லது என்று பார்த்து ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி அவர் கேட்டதும் என்னைத்தான். "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா. ஒனக்குத்தான் ரெண்டும் புரியும். நேர்மையா எழுது" என்றார். போட்டியில் ஓடுகிறவனையே நடுவராகவும் போட்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. அல்லது தோன்றியும் இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த சாஃப்ட்வேர் சென்னைக் கம்பெனி ஒன்றுடையது. அதை விற்க வந்தவன் விஜய்ஆனந்த். மதுரைக்காரன்தான், என் வயது. டை கட்டியிருந்தான். பைக்கில் வந்ததில் டை தோளுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. அதை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தான்.

நன்றாகத்தான் இருந்தது. நீல நிறத் திரை. யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், எத்தனை மதிப்பெண் என்று வட்டமாகவும் கம்பங்களாகவும் வண்ணத்தில் வந்தது. பிரச்சினை என்றால் கூப்பிட ஒரு நம்பர். தலைக்கு ஒரு லைசென்ஸ், வருடத்துக்குத் தொள்ளாயிரம்.

"பாஸ், ஒங்களோடதுல இந்த ரிப்போர்ட் வருமா?" என்று என்னிடம் கேட்டான்.

"வரும். கலர் இருக்காது."

"கலர் இல்லாம எப்படி பாஸ் பேரன்ட்ஸுக்குக் காட்டுறது?"

ஜனகராஜ் சார் அவனிடம் என்னவோ கேட்டார். அவனும் பதில் சொன்னான். இருவரும் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இருவரும் சிரித்தார்கள். அவன் போன பிறகு, "என்ன சார் கேட்டீங்க?" என்றேன்.

"வீட்டுப் பேரு கேட்டேன். எங்களுக்குள்ள மொதல்ல அதான் கேப்போம். அவன் பெரியப்பாவ எனக்குத் தெரியும்."

"சிரிச்சீங்களே?"

"அந்தப் பெரியப்பா எங்கிட்ட கணக்குல ரெண்டு தடவ ஃபெயிலு."

அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் புரியாத மொழியில் இருவர் சிரித்தால் நம்மைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது. அது அவர்கள் தப்பில்லை.

நான் பேனாவை எடுத்து எழுத உட்கார்ந்தேன். கம்பெனி சாஃப்ட்வேர் வேகமாகத் திறக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் அதில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது. என்னுடையதில் தமிழ் சரியாக வருகிறது, திறக்கத்தான் நேரமாகிறது. அவர்கள் தினமும் நகல் எடுத்து வைக்கிறார்கள். இங்கே நான்தான் எடுக்க வேண்டும், நான் மறப்பேன். அவர்கள் கம்பெனி மூடினால் பாடமெல்லாம் போச்சு. நான் செத்தால் என்னுடையதும் போச்சு. அவர்களுடையதில் எதையும் மாற்ற முடியாது. என்னுடையதில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும். எழுதினேன், அடித்தேன். எழுதுகிற ஒவ்வொரு வரியிலும், இது உண்மையா, இல்லை ஏழாயிரமா என்று சந்தேகம் வந்தது.

கடைசியில் நானே சொன்னேன். "ரெண்டையும் ஓட்டிப் பாத்துருவோம் சார். ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது."

விஜய்ஆனந்தும் ஒப்புக்கொண்டான். முதலில் நாற்பது மாணவர்கள். இருபத்தெட்டு பேர் டவுனில், பன்னிரண்டு பேர் அலங்காநல்லூரில். குழப்பம் வேண்டாம் என்று இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்தேன். அதை ஆளுக்கு ஒரு சீட்டாக அச்சடித்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வரச்சொல்லி ஜனகராஜ் சாரே கையால் கொடுத்தார். கொடுக்குமுன் ஒரு சொற்பொழிவு.

"இது ஹால் டிக்கெட் மாதிரி. பத்திரமா வைக்கணும். தொலைச்சா டூப்ளிகேட் கெடையாது. யார்ட்டயும் காட்டக் கூடாது. புரியுதா?"

புரிந்தது என்று நாற்பது பேரும் தலையாட்டினார்கள். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

முதல் வாரம் கம்பெனி சாஃப்ட்வேர் ஓடியது. சனிக்கிழமை விஜய்ஆனந்த் ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொண்டுவந்தான். டவுனில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். அலங்காநல்லூரில் ஒரே ஒருத்தி. தங்கப்பொண்ணு. பதினெட்டு மணி நேரம் பாடம் பார்த்திருந்தாள். டெஸ்ட்டில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு.

ஜனகராஜ் சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இந்தப் புள்ள ரெண்டு தடவ முப்பதத் தாண்டலையே."

"அதான் சார் ஆன்லைன்" என்றான் விஜய்ஆனந்த்.

"மிச்சம் பதினொண்ணு எங்க?"

"வராதவங்களுக்கு நாங்க என்ன சார் செய்ய? வந்தவங்களப் பாருங்க. டவுன் புள்ளைங்க எல்லாத்தையும் தாண்டிருச்சு. இந்தப் பொண்ணு போட்டோவ ஃப்ளெக்ஸ் போட்டு வாசல்ல கட்டுங்க. அடுத்த மாசம் அட்மிஷன் எப்படி வருதுன்னு பாருங்க."

ஃப்ளெக்ஸ் யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

இரண்டாம் வாரம் என்னுடையது. அதே கதை. டவுனில் இருபத்தொன்று, அலங்காநல்லூரில் தங்கப்பொண்ணு மட்டும். கலர் இல்லாவிட்டாலும் என்னுடையது ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வைத்திருந்தது. டவுன் பிள்ளைகள் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் எடுத்திருந்தார்கள். தங்கப்பொண்ணு ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம். நடுவில் பதிலை மூன்று முறை மாற்றியிருந்தாள். நாற்பத்தாறு வாங்குகிறவள் இப்படித் தடவமாட்டாள். வேறு யாரோ எழுதிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். அதைக் கண்டுபிடித்தால் ஃப்ளெக்ஸ் போய்விடும். ஃப்ளெக்ஸோடு விஜய்ஆனந்தும் போய்விடுவான். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

வேலை முடிந்து வந்து, தூங்காமல் கோரிப்பாளையத்தில் அலங்காநல்லூர் பஸ் ஏறினேன். ஏறியதும் தூங்கிவிட்டேன். கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

பிரவுசிங் சென்டர் ஒரு உரக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது. நடத்துகிறவள் முத்துமீனா. முப்பது வயது இருக்கும். ஜனகராஜ் சாரிடம் படித்துத் தபாலில் பி.காம். முடித்தவள், அந்தத் தெருவில் முதல் பட்டதாரி. லோன் போட்டு நான்கு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள். அதில் இரண்டு ஓடின. வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. எண்ணினேன். பன்னிரண்டு ஜோடிக்கு மேல்.

உள்ளே ஒரே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் முன்னால் பாயில், பையன்கள் பின்னால் பெஞ்சில். மவுஸ் தங்கப்பொண்ணு கையில். திரையில் என் சாஃப்ட்வேர். கேள்வி தேய்மானம் பற்றியது.

"ஒம்பதாயிரம். பி போடு" என்றது ஒரு குரல்.

"போடாத போடாத. மிசினு தேயவே தேயாது" என்றான் பின்னால் ஒருவன். அவன் பெயர் சங்கிலி என்று பிறகு தெரிந்தது. "எங்க மாமா கரும்பு மிசினு பத்து வருசமா ஓடுது. எங்க தேஞ்சிருக்கு? போய்ப் பாரு."

"ஓடுறது வேற, ஏட்டுல தேயிறது வேறடா" என்றாள் தங்கப்பொண்ணு திரும்பாமல்.

"ஏட்டுல ஏன் தேயணும்? பொய்க்கணக்கா?"

"சங்கிலி, நீ ஒங்க மாமாவ விட்டு வெளிய வா மொதல்ல. கை தூக்குங்க. பிக்கு எத்தன பேரு?"

எட்டு கைகள் உயர்ந்தன. அவள் பி-யை அழுத்தினாள். சரியான விடை.

நான் நிற்பதை முத்துமீனா பார்த்துவிட்டாள். "வாங்கண்ணே, சிஸ்டம் ஒண்ணுதான் காலி. கேமரா கெடையாது."

"நான் தல்லாகுளத்துல இருந்து வாரேன். ஜனகராஜ் சார் அனுப்பிச்சாரு" என்றேன். அவர் அனுப்பவில்லை.

சங்கிலி மெதுவாக எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தான்.

"எல்லாருக்கும் தனித்தனியா சீட்டு குடுத்தம்ல? ஏன் ஒரு ஆளு லாகின்ல பன்னெண்டு பேரு உக்காந்திருக்கீங்க?"

முன்னால் இருந்த ஒரு பெண்தான் சொன்னாள். "வீட்டுல இருக்கு சார்."

"எடுத்துட்டு வர்றதுக்கு என்ன?"

"தொலைஞ்சு போச்சுன்னா? டூப்ளிகேட் கெடையாதுன்னாருல்ல சார்."

ஒருவருக்குப் பின் ஒருவராகச் சொன்னார்கள். ஒருத்தி பீரோவில் நகைப் பெட்டிக்குள். ஒருத்தி சாமி படத்துக்குப் பின்னால். இருவர் ரேஷன் கார்டோடு சேர்த்து. மூன்று பேர் பத்து ரூபாய் கொடுத்து லேமினேஷன் செய்திருந்தார்கள். பெரிய பரீட்சை அன்றைக்கு எடுத்து வருவதாக இருந்தார்கள். திரும்பத் திரும்பப் பரீட்சை எழுதுகிறவர்கள். அவர்களுக்கு ஹால் டிக்கெட் எப்பேர்ப்பட்ட காகிதம் என்று பதினான்கு அரியர் வைத்திருந்த எனக்கே தோன்றாமல் போனது.

"நோட்டுல எழுதி வச்சுக்கிடலாம்ல?"

"யார்ட்டயும் காட்டக் கூடாதுன்னாரே சார். நோட்ட யாராச்சும் பாத்துட்டா?"

"அப்ப நீ?" என்று தங்கப்பொண்ணைக் கேட்டேன்.

"எனக்கு மனப்பாடம் சார். சீட்டு வீட்டுலதான் இருக்கு."

"மணிக்கு இருவது ரூவா" என்றாள் முத்துமீனா. "பன்னெண்டு பேரு சேர்ந்தா ஆளுக்கு ரெண்டு ரூவா வருமா? தனித்தனியா உக்காந்தா யாருண்ணே குடுப்பா? எனக்கும் ஓடுறது ரெண்டு சிஸ்டம்தான்."

வந்ததற்கு அதையாவது தெரிந்துகொள்ளலாம் என்று கேட்டேன். "சரி. போன வாரம் ஓடுனது, இந்த வாரம் ஓடுறது, ரெண்டுல எது நல்லாருக்கு?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டா?" என்றாள் தங்கப்பொண்ணு.

"போன வாரம் நீலமா இருந்துச்சு" என்றான் வாசலிலிருந்து சங்கிலி. "இப்ப வெள்ளையா இருக்கு. பெயின்ட் அடிச்சிருக்காங்கன்னு நெனச்சோம்."

இதற்காகத்தான் நான் மூன்று வாரம் தூங்காமல் இருந்தேன்.

பஸ் வரும்வரை முத்துமீனா கூடவே வந்து நின்றாள். "அண்ணே, சார்ட்ட சொல்லிறாதீக. ஏமாத்திட்டாகன்னு நெனச்சு நிப்பாட்டிருவாரு. இந்தப் புள்ளைகள்ல நாலு பேருக்கு இது இல்லேன்னா படிப்பே இல்ல. நானும் அந்தத் தெருதான், எனக்குத் தெரியும்."

"பாப்போம்" என்றேன். பார்ப்போம் என்றால் சொல்லப்போகிறேன் என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. யோசிக்க யோசிக்கக் குழம்பியது. சொன்னால் கம்பெனியின் கலர் ரிப்போர்ட் பொய் என்று ஆகும். என்னுடையதும் அதே பொய்யைத்தான் சொன்னது, ஆனால் ஏழு நிமிடம் ஒன்பது நிமிடம் என்று ஒரு துப்புக் கொடுத்தது. பன்னிரண்டு பேர் ஒரே லாகினில் உட்காரும் ஊரில் தலைக்குத் தொள்ளாயிரம் கட்டுவது வீண் காசு. அதுவும் என் பக்கம்தான். சொல்லாவிட்டால் தங்கப்பொண்ணுவின் ஃப்ளெக்ஸ் வாசலில் தொங்கும், விஜய்ஆனந்த் நூற்றைம்பது லைசென்ஸ் விற்பான், நான் இரவு வேலைக்குப் போவேன். பிள்ளைகளை நிறுத்திவிடுவார் என்றால் அதற்கு நான் என்ன செய்வது என்றும் ஒரு பக்கம் ஓடியது. என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் காலை அறையில் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்தேன். எல்லாவற்றையும் எழுதினேன். சீட்டு, பீரோ, லேமினேஷன், கை தூக்கிப் பதில் போடுவது. தலைக்கு லைசென்ஸ் என்ற முறை நம் ஊருக்குப் பொருந்தாது என்று முடித்தேன். படித்துப் பார்த்தபோது அது நேர்மையாகத்தான் இருந்தது. நேர்மையாக இருந்ததே ஒரு மாதிரியாக இருந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மூவரும் உட்கார்ந்தோம். ஜனகராஜ் சார் என் தாளை இரண்டு முறை படித்தார். சிரித்தார். விஜய்ஆனந்திடம் நீட்டினார். அவன் படிக்கப் படிக்க முகம் விழுந்தது.

"இதுல ஏமாத்து என்ன இருக்கு?" என்றார் ஜனகராஜ் சார் என்னிடம். "ஒருத்தன் தனியா கணக்குப் போட்டா தப்பாப் போட்டுட்டு சரின்னு நெனச்சிட்டுப் போயிருவான். பன்னெண்டு பேரு சண்ட போட்டுப் போட்டா மண்டைல நிக்கும். இருவது வருசமா நான் கெஞ்சுறேன், கிளாஸ்ல ஒரு பய வாயத் தொறந்து கேள்வி கேக்குறதில்ல. அங்க தேயுமா தேயாதான்னு அடிச்சுக்கிட்டாங்களா?"

"ஆமா சார்."

"நல்லது. அப்படியே நடக்கட்டும்."

முத்துமீனாவின் பயம் அநாவசியம் என்று ஆனதில் எனக்கு நிம்மதிதான். ஒரு நிமிடம் நான் நல்லவன்போலக்கூடத் தோன்றியது. அதற்குள் அவர் விஜய்ஆனந்தைப் பார்த்துத் திரும்பி, அவர்கள் மொழியில் பேச ஆரம்பித்துவிட்டார்.

கால் மணி நேரம் பேசினார்கள். அவன் கையை விரித்தான். அவர் தாளில் எண்களை எழுதினார். அவன் இன்னொரு எண் எழுதினான். லைசென்ஸ் என்ற சொல் பல முறை வந்தது. அலங்காநல்லூர் வந்தது. அப்புறம் பாண்டி வந்தது. அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டான். தலை தாழ்த்துகிறான் என்றால் தோற்றுவிட்டான் என்று நினைத்தேன்.

"தமிழ்ல சொல்றேன் பாண்டி, தப்பா நெனைக்காத" என்றார் ஜனகராஜ் சார். "ஊருக்கு ஒரு லாகின். அஞ்சு ஊரு. டவுனுக்கு அஞ்சு. மொத்தம் பத்து லைசென்ஸ் வாங்குறேன். ஒம்பதாயிரம் ஆச்சு. வருசத்துக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அவங்க அக்ரிமென்ட்ல தலைக்கு ஒண்ணுன்னு இருக்கே சார்."

"தலைக்குன்னு இல்ல பாஸ், யூசருக்குன்னு இருக்கு" என்றான் விஜய்ஆனந்த். குரலில் உற்சாகம் இல்லை. "கம்பெனிக்கு லாகின்தான் தெரியும். முன்னால எத்தன பேரு உக்காந்திருக்கான்னு எவன் வந்து பாப்பான்? மாசக் கடைசில எனக்கு ஒரு கணக்கு காட்டணும். நூத்தம்பதுன்னு நெனச்சு வந்தேன். பத்தாச்சும் கெடைச்சதே."

"என்னோடது ஓசி சார்" என்றேன். "பத்து இல்ல, ஆயிரம் பேரு வந்தாலும் ஓசி."

"அது ஓசிதான். நீ ஓசி இல்லையேப்பா" என்றார். கிண்டல் செய்யவில்லை. கரும்பலகையில் கணக்கு விளக்குகிற குரல்தான். "நூத்தம்பது தலைன்னா அவங்களுக்கு ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல போகும், ஒனக்கு எம்பத்து நாலாயிரம். அப்ப நீதான் லாபம். இப்ப பத்துன்னு ஆகிப்போச்சு. ஒம்பதாயிரம் எங்க, எம்பத்து நாலாயிரம் எங்க? நீ எழுதுன தாளுதான் கண்ணத் தொறந்துச்சு. இம்புட்டு தூரம் எனக்குத் தோணியே இருக்காது."

அவர் நன்றி சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மேசை டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். அதில் இரண்டாயிரம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை. வாங்கிக்கொண்டேன்.

"ஆளு தேவைப்பட்டா ஒன்னையத்தான் கூப்புடுவேன்" என்றார்.

படியிறங்கும்போது விஜய்ஆனந்த் கூடவே வந்தான். "அண்ணே, ஒங்களோடதுதான் கொஞ்சம் நல்லாருந்துச்சு. உண்மையாச் சொல்றேன். தமிழ் கட்டம் கட்டமா வரலைல?"

"தெறக்க லேட்டாகும்."

"அது பரவாயில்லண்ணே."

"அப்ப எதுதான்டா நல்லது?"

அவன் பைக்கை உதைத்துக்கொண்டே யோசித்தான். "தெரியலண்ணே" என்றான். போய்விட்டான்.

பத்து நாள் கழித்து, பகல் இரண்டு மணிக்குப் போன் அடித்தது. தூங்கிக்கொண்டிருந்தேன். முத்துமீனா.

"அண்ணே, தெறக்க மாட்டேங்குது. எல்லாப் புள்ளைகளும் வந்து உக்காந்திருக்கு."

"அது என்னோடது இல்லம்மா. கம்பெனிக்காரங்க நம்பர் குடுத்திருப்பாங்கள்ல, அதுக்குப் போடு."

"போட்டேண்ணே. ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு இங்கிலீஷ்ல ஒரு பொம்பள சொல்லிக்கிட்டே இருக்கா. அமுக்குனா பாட்டுப் போடுறா. தங்கப்பொண்ணு ஒங்களக் கேக்கச் சொன்னா."

பின்னால் சங்கிலி யாரையோ திட்டுவது கேட்டது. போனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"அண்ணே, நீங்க சார்ட்ட சொல்லல போல. அவரு ஒண்ணும் சொல்லல. ஊருக்கே ஒரு லாகின் போதும்னுட்டாரு."

"ம்."

"நல்ல மனசுண்ணே ஒங்களுக்கு. ஆமா, ஒங்களுக்கு அங்க வேலை போட்டுக் குடுத்துட்டாருல்ல?"

அவள் கேட்டதில் எது சரி, எது தப்பு என்று பிரித்துச் சொல்ல எங்கே ஆரம்பிப்பது? ஜன்னலில் போட்டிருந்த போர்வையின் ஓரமாக வெயில் கண்ணில் அடித்தது.

"மவுஸ் யார் கையில இருக்கு?" என்றேன்.

"தங்கப்பொண்ணு கையில."

"அவகிட்ட போனைக் குடு. மத்தவங்கள நகந்து உக்காரச் சொல்லு. ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு மேல இருந்து ஒவ்வொரு வரியா படிக்கச் சொல்லு."

அவள் படிக்க ஆரம்பித்தாள். பாதி எழுத்து கட்டம் கட்டமாக இருக்கிறது என்றாள். தெரிகிற எழுத்தை மட்டும் படி என்றேன்.